மூன்றாவது சீட்டு

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, மூப்பர்களே, மூப்பர்களில் ஒருவரான என் நைனாவே, செஞ்சி பஜாரில் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

துக்கம் பேசுவதற்கு முன் ஒரு முக்கிய அறிவிப்பு. நம் சபையின் வாக்குத்தத்தப் பெட்டிக்குப் புது வார்னிஷ் அடிக்கப்பட்டிருக்கிறது. இன்னும் காயவில்லை. விசுவாசிகள் யாரும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

பஜார் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: அது வசனச் சீட்டுகள் போட்டு வைத்த பெட்டி. புத்தாண்டன்று ஆளுக்கு ஒன்று எடுப்போம், வருஷம் முழுக்க ஆறுதலாக இருக்கட்டும் என்று. அப்படித்தான் ஆரம்பித்தது. இந்த அறுபத்துநாலாம் வருஷத்தில் மாடு வாங்கவும், பெண் பார்க்கவும்கூட எடுக்கிறோம். ஆண்டவர் ஆளுக்கொரு மூளை கொடுத்தார். அதையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டோம்.

உபதேசியார் மாசிலாமணி ஐயாவைப் பற்றி வாலிபர் சங்கத்தின் சார்பில் நான் என்ன சொல்ல? தொண்டூருக்கும் மண்டகப்பட்டுக்கும் சைக்கிள் மிதித்துப் போய் வேதம் சொன்னார் என்றா? அது ஊருக்கே தெரியும். அவரிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. "ஆண்டவர் என்கூடப் பேசுனாரு" என்று யார் ஓடி வந்தாலும் கேட்பார்:

"அவரு சொன்னது ஒனக்குப் புடிச்சிருந்துதா?"

"ரொம்பப் புடிச்சிருந்துது ஐயா."

"அப்ப இன்னொரு தபா கேட்டுப் பாரு. ஒன் கொரலாவும் இருக்கலாம்."

படிப்பை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வா என்று எனக்கே ஒரு முறை அழைப்பு வந்தது. போய்ச் சொன்னேன். "கணக்குப் பரீச்ச என்னிக்குடா?" என்றார். அழைப்பு அத்தோடு நின்றுவிட்டது.

அப்பேர்ப்பட்டவருக்கு நாம் செய்தது என்ன?

போன வெள்ளிக்கிழமை அவருக்கு வயிற்றுவலி. சுருண்டு கிடந்தார். கடலை மண்டி ஜகபர் அலி பாய் மல்லாட்டை மூட்டை இறக்கிய தன் லாரியை அப்படியே வாசலுக்குக் கொண்டுவந்து, "ஏத்துங்க, விழுப்புரம் ஆஸ்பத்திரில உட்டுட்டு வரேன்" என்றார். நாம் பெட்டியைத் திறந்தோம். முதல் சீட்டு, புறப்பட்டுப் போ என்றது. போனால், இவர்கள் ஜெபம் பலிக்கவில்லை என்று பஜாரில் பேசுவார்களே. சீட்டு உள்ளே போனது. இரண்டாவது பொருந்தி வரவில்லை. மூன்றாவது, சுகமாக்குவேன் என்றது. அல்லேலூயா என்றோம். எடுத்தது என் நைனாவின் கை.

கட்டிலிலிருந்து ஐயா கேட்டார்: "மூப்பரே, மொதோ சீட்டுல இன்னா வந்துது?"

நாம் ஜெபத்தை இன்னும் உரக்கத் தொடங்கினோம்.

பெயரிலேயே மணியை வைத்திருந்த மனிதருக்காக மணி பார்க்க ஒருவரும் இல்லை. மறுநாள் அதே லாரிதான் அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனது. அதற்கு நாம் சீட்டு எடுக்கவில்லை.

எனக்கு முன் பேசிய எல்லாரும் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். நம் சித்தத்தை அவர் தலையில் கட்டிவிட்டு, என்ன நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம்.

அன்று அந்த வீட்டில் "போவலாம் நைனா" என்று சொன்னவன் நான் ஒருவன்தான். எது ஆண்டவர் குரல், எது நம் குரல் என்று பிரித்தறியத் தெரிந்த ஒரே ஆள் இந்தச் சபையின் கடைசிப் பெஞ்சில் இருந்திருக்கிறான். சீட்டை எடுத்து முடிவெடுக்கிறவன் நான் இல்லை.

கூட்டம் முடிந்ததும் ஐயாவின் மகள் குளோரி அக்காவுக்காகப் பெட்டி திறக்கப்படுமாம். அக்காவுக்கு எட்டாம் மாதம். இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, கண் மங்குகிறது என்கிறாள். பாயின் லாரி வெளியே நிற்கிறது. ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று ஒவ்வொருவரும் இங்கே உறுதி சொன்னீர்கள். இதுதான் அந்தப் பணி. பெட்டியைத் திறக்காமல் அக்காவை ஏற்றுவோம். கூட நான் போகிறேன்.

நைனா என் கையையே பார்க்கிறார். வார்னிஷ் காயாதது இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறார் போலிருக்கிறது. சொல்லிவிடுகிறேன். இங்கே பேசலாமா வேண்டாமா என்று இன்று காலை நானும் பெட்டியைத் திறந்தேன். முதல் சீட்டு, தகப்பனைக் கனம்பண்ணு என்றது. உள்ளே போட்டேன். இரண்டாவது, நாவை அடக்கு என்றது. அதையும் போட்டேன். மூன்றாவது, பயப்படாமல் பேசு என்றது.

எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதோ, விரல் இன்னும் ஒட்டுகிறது.

அக்காவை மட்டும் ஏற்றிவிடுங்கள். அது எந்தச் சீட்டிலும் வந்ததில்லை. அவள் காலைப் பார்த்தாலே தெரிகிறது. மற்றபடி நான் பேசியதை எல்லாம் இன்னொரு தபா கேட்டுப் பாருங்கள்.