இருநூத்திப் பதினோரு லிங்க்

வேண்டாம்மா, நான் நின்னுக்கறேன். உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. நாப்பது வருஷமா ஆலை வாசல்ல நின்னு பேசியே பழகிப்போச்சு. கதவைச் சாத்திக்கட்டுமா? வெளிய இருக்கறவனா? என்னை வண்டியில கூட்டிட்டு வந்தவன். அவன் அங்கயே இருக்கட்டும்.

நெட்டு வேலை தெரிஞ்சவ நீ; நீ சொன்னதை நானே ஒரு தரம் சொல்றேன், தப்புன்னா நிறுத்து. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் குடுத்தா, அது ஓட்டுப் போடற மாதிரி. நெட்டுல தேடுற மெஷினு அந்த ஓட்டை எண்ணும். போட்டது யாருன்னும் பாக்கும். மதிப்பு உள்ளவன் போட்டா கனம் ஜாஸ்தி. திட்டிப் போட்டாலும் புகழ்ந்து போட்டாலும் அதுக்கு ஒண்ணுதான். சரியா?

அட, அப்போ நான் என்ன காரியம் பண்ணியிருக்கேன் பாரு! எங்க சங்கத்துல ஒரு ஒழுங்கு உண்டும்மா. எதிரி சொன்னதை அவன் வார்த்தையிலயே காட்டாம நோட்டீஸ் போடக் கூடாது. காகிதத்துல அடிச்ச காலத்துல கம்பெனி அறிக்கையை அப்படியே கட்டம் கட்டிப் போடுவோம். இப்போ நெட்டு. லிங்க் குடுக்கறோம். ஆலையில பாய்லர் வெடிச்ச விஷயத்துக்கு மட்டும் மூணு வருஷத்துல இருநூத்திப் பதினோரு நோட்டீஸ். எல்லாத்துலயும் கம்பெனியோட அந்த ஒரே பக்கத்துக்கு லிங்க். வால்வு பழுதுன்னு நாங்க ஆறு தரம் எழுதிக் குடுத்திருக்கோம்மா. அதை அமுக்கிட்டு, ஆபரேட்டரோட கவனக்குறைவுன்னு போட்டு வெச்சிருக்கான். இந்தப் பொய்யை ஊரே பாக்கட்டும்னுதான் குடுத்தேன்.

என்னது, எங்க பக்கத்துக்கு அவ்வளவு மதிப்பா? நிஜமாவா? பத்திரிகைக்காரன், யுனிவர்சிட்டிக்காரன் எல்லாம் நம்மளுக்கு லிங்க் குடுத்திருக்கானா? ம்... கேக்க நல்லாத்தான் இருக்கு. எட்டாவதோட நின்னவன் நான். நோட்டீஸ் படிச்சுப் படிச்சே எழுதக் கத்துக்கிட்டவன். அந்த மதிப்பை வாளி வாளியா மொண்டு அவன் தொட்டியில ஊத்தியிருக்கேன். தேடினா முதல்ல வர்ற இடத்தைக் கம்பெனிக்காரன் காசு குடுத்துப் புடிச்சுட்டான்னு மேடை போட்டுக் கத்தினேனே! எவனாவது சிரிக்கப்போறான்.

எந்த வார்த்தை மேல லிங்க் வெச்சோமா? அதையுமா பாக்கும்?

பேரு மேல. ஆபரேட்டரோட பேரு மேல. பேரைத் தொட்டதும் பொய் தெரியணும்னு நான்தான் சொன்னேன். அப்போ... அந்தப் பேரைத் தேடினா அந்தப் பக்கம் முதல்ல வந்து நிக்கறதுக்கு...

அந்த ஜன்னலைத் திறம்மா. காத்தே இல்ல.

எடுத்துடு. ஒரு லிங்க் விடாம எடு. ஆதாரத்துக்கு அவன் பக்கத்தைப் படம் புடிச்சுப் போட்டுக்கலாம். அந்தப் பக்கம் கீழ இறங்க எத்தனை நாள்? வாரக்கணக்காவா? அதுவும் உறுதி இல்லயா? எனக்கு வியாழக்கிழமைக்குள்ள வேணும்மா. அன்னிக்கு அந்த ஆபரேட்டருக்கு இன்டர்வியூ இருக்கு. உயிரோடதான் இருக்கான், பின்ன? இடது கைதான் வெந்துபோச்சு. பதினாலு இடத்துல வேலை கேட்டுட்டான். நல்லாத்தான் பேசி அனுப்புவானுங்க. அப்புறம் பேரைத் தட்டிப் பாப்பானுங்க. அதோட சரி.

நான் ஏன் இப்படிப் பதறறேனா? உள்ள வரும்போது பாத்திருப்பியே, பெஞ்சுல கையை மடியில மறைச்சு வெச்சுட்டு இருந்தானே, அவன்தான். என் பையன். அத்தனை நோட்டீஸுக்கும் பிழை பாத்துக் குடுத்ததும் அவன்தாம்மா. என் பேரை மறைக்காதப்பா, தைரியமாப் போடுன்னான்.

கொஞ்சம் மெதுவாப் பேசு. இதை நான்தான் அவன்கிட்ட சொல்லணும்.

அந்த நாற்காலியை இப்படித் தள்ளு. கொஞ்சம் உக்காந்துக்கறேன்.