உள்பக்கம் சாய்ந்த ஏசி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வேர்வை ஆகாது, டாக்டரம்மா. பாகூர் வெயிலில் அடுப்படியில் நின்றால் உங்களுக்கும் ஆகாது. அதனால்தான் என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து எனக்கென்று ஒரு ஏசி கொண்டுவந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அவர் லீவு முடிந்து கிளம்பிய மறுநாளே, அவருடைய அக்கா கைருன்னிசாவின் கட்டில் அந்த அறைக்குள் போய்விட்டது. நான் லாத்தா என்று கூப்பிடுவேன். புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர், இழுப்புக்காரர். குளிர்ச்சி நெஞ்சுக்கு நல்லது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். நான் கூடத்தில் விசிறி மட்டையோடு படுத்தேன்.

சுவரில் ஏசியைப் பதிக்கும்போதே கொத்தனார் முத்துசாமி அதை வெளிப்பக்கம் லேசாகச் சாய்க்கப் போனார். லாத்தா விடவில்லை.

"உள்ள சாய்ச்சி வையிப்பா. அப்பத்தான் குளுரு கட்டிலுக்கு எறங்கும்."

குளிர் இறங்கியதோ இல்லையோ, தண்ணீர் இறங்கியது. பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. ஈரச் சாக்கு நாற்றம். வியாழக்கிழமை மாலை வீட்டில் சாம்பிராணி போடுவது வழக்கம்தானே. லாத்தா அந்த அறையில் தினமும் போடச் சொன்னார். போட்டேன். சன்னலைத் திறந்தால் குளிர் போய்விடும் என்றார். திறக்கவில்லை. பெரியவர்கள் சொல்லை நான் தட்டியதே இல்லை.

ஏசி சத்தம் போட்டதால் புதுச்சேரியிலிருந்து மெக்கானிக் அந்தோணிசாமி வந்தார். லாத்தா அன்று கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பீரோவை நகர்த்திப் பார்த்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஏசியை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும், சுவரைச் சுரண்டிக் காயவிட வேண்டும் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதுல யாரும்மா படுக்கறது? இழுப்பு இருக்கறவங்கன்னா உசுருக்கே ஆவாது."

நான் டீ கொடுத்தேன். லாத்தா வந்ததும் சொல்லி ஆளனுப்புகிறேன் என்றேன். அவர் போனதும் பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். கனமான பீரோ, தனியாளாகத் தள்ளியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் லாத்தாவுக்கு மூச்சுவிடவே முடியவில்லை. அடுப்புப் புகைதான் காரணம் என்று கதவையும் சாத்திக்கொண்டார். நானும் ஆமாம் என்றேன். வெந்நீர் வைத்தேன், முதுகைத் தடவினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் இன்னா ஆவேன்டி, மெஹரு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் சுவர் காய்ந்ததும் அவர் தேறி எழுந்து, சாகும்வரை அதே கட்டிலில் படுத்திருப்பாரே.

மழை விடுவதற்குள் லாத்தா கண்ணை மூடிவிட்டார். மவுத்து வீட்டில் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். நாத்தனாரை இப்படி யார் பார்ப்பார்கள் என்றார்கள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் என் கட்டிலை உள்ளே போட்டேன். நல்ல குளிர்ச்சி, குறை சொல்லக்கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பூசணம் மறுபடி வந்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம்தான். ஆனால் அவர் வாய் சும்மா இருக்காது, அன்றைக்கே சொன்னேனே என்பார்.

சுவரில் ஈரம் உண்டா என்று நீங்கள் கேட்டதால் இவ்வளவும் சொன்னேன். லாத்தாவைக் கொன்றது அந்தச் சுவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னுடையது வெறும் சளி, டாக்டரம்மா. ஒரு டானிக் எழுதிக் கொடுங்கள், போதும்.