நான்காவது நோயாளி

முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகும்போது பையில் எப்போதும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வைத்திருப்பேன். வடக்கு மின்னசோட்டாக் குளிரில் வயதானவர்களுக்கு முதலில் கால்தான் சில்லிடும். காலுறையை மாட்டிவிட்டால் பாதிப் பேர் மருந்தில்லாமலே தூங்கிவிடுவார்கள். நீதிபதி தண்டனையை அறிவிக்கும் முன் அவருக்கு என்னைப் பற்றி அறிக்கை எழுதப்போகிறவர் நீங்கள். அதனால் இதையும் சொல்கிறேன்.

நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை நீதிமன்றத்தில் படித்ததில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. யார் படுக்கையை நனைத்தார், யாருடைய மகன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதையெல்லாம் ஜூரி என்று உட்கார்ந்திருக்கும் அந்நியர்கள் கேட்பதா? என் வக்கீலும் அதைத்தான் வாதாடினார். பெயரை மறைத்துவிட்டுப் படிக்கலாம் என்றார் நீதிபதி. என்னிடம் இருந்த நால்வரும் நோயாளி ஒன்று, நோயாளி இரண்டு என்று ஆனார்கள்.

முதலாவது அம்மாள் உண்மையிலேயே துடித்துக்கொண்டிருந்தார். அதை யாரும் மறுக்க முடியாது. அவர் போன பிறகு மகள் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "நீங்க இருந்ததாலதான் அம்மா நிம்மதியா போனாங்க, மார்லிஸ்" என்றாள். செய்தித்தாளில் வந்த இரங்கல் அறிவிப்பில் என் பெயரையும் போட்டு நன்றி சொன்னார்கள். இரண்டாமவருக்கு வலி கொஞ்சம் குறைவு. மூன்றாமவருக்கு எவ்வளவு இருந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இருவர் வீட்டிலிருந்தும் எனக்குப் பூ வந்தது.

நான்காவது ஆர்விட் டோலெஃப்சன். உருளைக்கிழங்கு விவசாயி, எண்பதைத் தாண்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து வந்தார். ஆரம்பத்தில் நான் ஊட்டினால்தான் சாப்பிடுவார். "நீ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்" என்பார். பிறகு தேறினார். ஒருநாள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"குடும்மா, நானே சாப்பிடறேன். திங்கக்கிழமை வீட்டுக்குப் போறேன். அப்புறம் உனக்கு என் தொல்லை இருக்காது."

அவர் மனைவி பெர்னீஸ் லெஃப்ஸா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "இந்த மனுஷனைக் கட்டி மேய்க்கிறது மறுபடியும் என் தலையெழுத்து. வேணும்னா நீயே வச்சுக்கோ, மார்லிஸ்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர்கள் வீட்டு மாடிப்படி செங்குத்து. பெர்னீஸுக்கு மூட்டுவலி. இவர் மறுபடி விழுந்தால் யார் தூக்குவது? அதை யோசித்தது நான் ஒருத்திதான்.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் நான் எழுதியதைப் படித்தார். "நோயாளி நான்கு. கடுமையான வலி. முனகுகிறார். வலிமருந்து கொடுக்கப்பட்டது." பிறகு, அதே மாலை, அதற்குச் சற்று முன், நடைப்பயிற்சி தரும் கோடி என்ற இளைஞன் எழுதியிருந்ததைப் படித்தார். "நோயாளி நான்கு தடியூன்றி நடைபாதை முழுக்க நடந்தார். வலி இல்லை. என் நடை அவருடைய கிழட்டுப் பசுவின் நடை மாதிரி இருக்கிறதாம்." ஜூரியில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

பெர்னீஸ் எழுந்தார். "நாலு நாலுங்கிறீங்களே, அவருக்குப் பேரு இல்லையா? ஆர்விட். என் புருஷன். பேரைச் சொல்லிப் படிங்கய்யா. மறைச்சு வைக்கிறதுக்கு அவர் ஒண்ணும் தப்புப் பண்ணலையே."

நீதிபதி அவரை மெதுவாக உட்காரச் சொன்னார். அதன்பின் ஆர்விட் என்றே படித்தார்கள். எனக்குப் பெர்னீஸை நினைத்துப் பாவமாக இருந்தது. துக்கத்தில் மனிதர்கள் கண்ணியத்தை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அவர் உங்கள் மூலமாக ஒன்று கேட்டிருக்கிறார். ஆர்விட் கடைசியாக என்ன சொன்னார்?

நடந்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் ஊசியை எடுத்ததைப் பார்த்தார். "எனக்கு வலியே இல்லையேம்மா, இது எதுக்கு?" என்றார். தூங்குவதற்கு என்றேன். "பெர்னீஸ் வர்ற நேரமாச்சே, இப்பப் போய்த் தூங்குறதா?" என்றார். கேட்டுக்கொண்டே சட்டைக் கையை அவரே மேலே சுருட்டிவிட்டார்.

ஆக, நான் எழுதிய வலி அவருக்கு இல்லை. தெரிந்துதான் கொடுத்தேன். நால்வருக்கும் அளவு மீறி மருந்து கொடுத்தது நான்தான்.

அவர் கேட்டதை மட்டும் நான் குறிப்பில் எழுதவில்லை. பெர்னீஸிடம் நீங்களும் சொல்லவேண்டாம். ஒரு நோயாளி தன் நர்ஸை நம்பிச் சொன்னது அது.