சுட்டியின் கன்று

"ஹலோ... ஹலோ, என்னங்க, கேக்குதா? ... நான்தான், துமிரா. எங்க இருக்கீங்க? ... தொழுவத்துலயா? இன்னுமா! சுட்டிக்குப் புல்லைப் போட்டுட்டு உடனே இறங்கிடுறேன்னுதானே போனீங்க?"

முகாமாகிப்போன பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்று துமிரா கத்திக்கொண்டிருந்தாள். மெராப்பி எரிமலை இருந்த திசையில் சாம்பலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சாம்பலுக்குள்தான் அவள் புருஷன் வகிமான் இருந்தான்.

"ஆமா, ஆமா... தெரியுங்கிறேன்ல. சடையாடு எப்பவும் மேற்காலதான் இறங்கும், நம்ம பக்கம் வராது. ஆளாளுக்கு இதையே பாடுங்க."

மலை கக்கும் நெருப்பு மேகத்துக்கு அங்கே சடையாடு என்று பெயர். சுருள் சுருளாக, மந்தை சரிவதுபோல இறங்கும். அதற்கு முன்னால் ஓடிப் பிழைத்தவர் கிடையாது.

"என்ன? ... மலைத்தாத்தாவை அப்படிப் பேசக்கூடாதா? சரி சாமி, ஊர்ல சொல்றாப்ல தாத்தா வீட்டுல கல்யாணம், சமையல் நடக்குது, அதான் புகையுது. கூப்பிடாத கல்யாணத்துல உங்களுக்கு என்ன வேலை? இறங்கி வாங்க."

"விக்கவா? யாரு விக்கச் சொன்னா? போன தடவை மலை பொங்கினப்ப பயந்துபோய் மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுட்டு நாம பட்டது போதாதா? கயித்தை அவுத்துவிட்டுட்டு வாங்கன்னுதான் சொல்றேன். அது பாட்டுக்கு... என்னது?"

அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"பனிக்குடம் உடைஞ்சிடுச்சா? எப்போ? ... ம்... ம்... ஒரு கால்தான் தெரியுதா? ஐயோ, இழுக்காதீங்க! இழுத்தா தாயும் போயிடும், கன்னும் போயிடும். இன்னொரு கால் உள்ள மடங்கிக் கிடக்கு... என்ன கேட்டீங்க? ... விட்டுட்டு வந்துடவான்னா?"

வா என்று சொன்னால் வந்துவிடுவான். ஆனால் மிளகாய்ச் செடியெல்லாம் சாம்பலுக்கடியில் வெந்துபோயிற்று. சுட்டியை விட்டால் அவர்களுக்கு இனி எதுவுமே கிடையாது. இதை யோசிக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"...இருங்க. கொஞ்ச நேரம்தானே. கையில தேங்காய் எண்ணெயைத் தடவிக்குங்க, முழங்கை வரைக்கும். கன்னை மெதுவா உள்ள தள்ளுங்க... தள்ளுங்க, பயப்படாதீங்க. மடங்கின காலைத் தேடுங்க... கிடைச்சுதா? குளம்பை உள்ளங்கையில பொத்திக்கிட்டு முன்னால கொண்டாங்க. குத்திடக்கூடாது... வந்துடுச்சா? மூக்கு தெரியுதா? ... சரி, சரி. இப்ப அது முக்கும்போது மட்டும் இழுங்க. கீழ்ப்பக்கமா... இழுங்க... இழுங்க..."

"என்ன ஆச்சு? ஹலோ! ... விழுந்துடுச்சா? மூச்சு விடுதா? மூக்குல இருக்கற சளியை வழிச்சு எடுங்க. வைக்கோலால தேய்ங்க... கத்துது! எனக்கே கேக்குதுங்க! ... என்ன கன்னு? ... கிடேரியா! ஏ, எங்க சுட்டி கிடேரி போட்டிருக்கா!"

வராந்தாவில் படுத்துக் கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அந்த முகாமில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை.

"ஆமா, நெத்தியில வெள்ளை இருக்கா? ... இருக்கா! யோவ், அழாதய்யா, எனக்கும் வருது... ம், சீம்பால் அப்புறம் பாத்துக்கலாம்... இருங்க. அது என்ன சத்தம்? அபாய மூங்கிலைத் தட்டுறாங்களா? ... சடையாடா? ... எந்தப் பக்கம் இறங்குதாம்?"

"நம்ம பக்கமா?"

"கன்னைக் கீழ போடுங்க. போடுங்கிறேன்! சுட்டியை விடுங்க. வண்டியை எடுங்க... போனை வைக்காதீங்க, சட்டைப்பையில போட்டுக்குங்க. வண்டிச் சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மறுபடி உதைத்தான்.

"சாம்பல் அடைச்சிருக்கும், விடாதீங்க... ம்... கிளம்பிடுச்சு! கேக்குது, கேக்குது... ஐயோ, கன்னு கத்துதே. தூக்கிக்கிட்டா வர்றீங்க, பாவி மனுஷா? ... சரி, சரி, வாங்க. ரெண்டு பேரும் வாங்க. ஆமா... ஆமா... பேச வேணாம், ரோட்டைப் பாத்து வாங்க... ஹலோ? என்னங்க, வண்டிச் சத்தம் கேக்கலையே. ஹலோ?"

இணைப்பு அறுந்திருந்தது. யாரோ வந்து அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஹலோ... வந்துடவான்னு கேட்டீங்கல்ல? ... வந்துடுங்க. சொல்லிட்டேன்ல, விட்டுட்டு வந்துடுங்க."