முப்பத்தொன்றாம் காட்சி

காப்பி நன்றாகவே இருக்கிறது. நடந்துகொண்டே குடிக்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது.

நான் எழுத்தாளன் இல்லை, போலீஸ் சார்ஜென்ட். ஆனாலும் கனடாவின் இந்த சஸ்காச்சுவன் மாகாணத்தில் என்னளவுக்கு நாடகம் எழுதியவர் கிடையாது. வெண்டல் யாரெம்கோ ஒருவனுக்காகவே நாற்பத்திரண்டு காட்சிகள். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன் அவன். ஏரிக்கரை வீட்டில் கார்லா என்ற பெண் கொலையான அன்று அந்தப் பக்கம் வேலையில் இருந்தான். வேறு சாட்சியம் இல்லை. ஆகவே எங்கள் ஆட்களே கொள்ளைக் கும்பலாக வேஷம் கட்டி அவனைச் சேர்த்துக்கொண்டோம். தலைவரிடம் பழைய குற்றத்தைச் சொன்னால்தான் கும்பலில் நிரந்தர இடம் என்பது ஏற்பாடு.

அவனுக்கு நண்பர்கள் இல்லை, நாங்கள் கொடுத்தோம். நாற்பதாவது வயதில் முதல் பிறந்தநாள் கேக்கை, அவனுக்கு நண்பனாக நடித்த எங்கள் ரே வாங்கி வந்தான். வெண்டல் அழுதான். 'இங்கே அழுவான்' என்று திட்டத்தில் முன்பே எழுதியிருந்தேன். மேலிடம் பாராட்டியது.

தலைவர் முன்னால் முதல் தடவை, "நான் பண்ணலண்ணே, சத்தியமா" என்றான்.

ரே வெளியே தள்ளிக்கொண்டு போனான். "டேய், பொய் சொல்றவன் கூட எவன்டா சுத்துவான்? நாளையிலேர்ந்து நீயும் உன் பனிவண்டியும்தான்."

மறுவாரம் கத்தியால் குத்தினேன் என்றான். அந்தக் கொலையில் கத்தியே கிடையாது. ஆர்வம் இருந்தது, விவரம்தான் போதவில்லை.

கொன்றவன் கார்லாவின் ஈர பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்து, உலர வைத்துவிட்டுப் போயிருந்தான். அது கொன்றவனுக்கும் எங்களுக்கும் மட்டுமே தெரியும். ஆகவே முப்பத்தொன்றாம் காட்சியை எழுதினேன். உறைந்த ஏரியில் மீன்பிடிக் குடிசை. வெண்டலின் பூட்ஸில் பேப்பரைத் திணித்தபடி ரே பேச வேண்டும்: "அவளைக் கட்டையால அடிச்சவன் அவ பூட்ஸுக்கும் இப்படித்தான் பண்ணானாம்டா. என்னா அக்கறை பாரு!"

மூன்றாம் நாள் வெண்டல் தலைவரிடம் கட்டை, பேப்பர் எல்லாம் ஒப்பித்தான். ஒளித்துவைத்த கேமராவில் பதிவான அதைப் பார்த்த ஜூரிகளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆயுள் தண்டனை.

பதினோரு வருஷம் கழித்து, திட்ட ஆவணங்கள் முழுவதையும் அவனுடைய வக்கீல் மொரீன் திபோவிடம் ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நான்கு பெட்டிகள் கொடுத்தேன். இரண்டே நாளில் வந்து நின்றார்.

"முப்பதுக்கு அப்புறம் முப்பத்திரண்டா, சார்ஜென்ட்? உங்க ஸ்டேஷன்ல இப்படித்தான் எண்ணுவீங்களா?"

"அந்தக் காட்சி நடக்கலம்மா. மழை."

"ஜனவரியிலயா?"

அதனால்தான் என்னை விசாரிக்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சித் தாளை எடுத்தவன் நான்தான். வியாழக்கிழமை வெண்டலின் மேல்முறையீடு. அந்தத் தாள் இல்லாவிட்டால் அவன் உள்ளேயேதான் இருப்பான். தண்டனையான இரண்டாம் வருஷம், பக்கத்து மாகாணத்தில் இன்னொரு பெண் இறந்துகிடந்தாள். அவள் பூட்ஸுக்குள்ளும் பேப்பர். அந்த அறிக்கையும் என் மேசைக்குத்தான் வந்தது.

இரண்டும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. ஓரம்கூட மடங்கவில்லை. ஆவணத்தை அழிக்கிற போலீஸ்காரர்களை எனக்கு ஆகவே ஆகாது.