முந்நூறு டிகிரி

மாலை ஐந்து ஐம்பது. செனாயில் ஜொகூர் பாரு பேருந்தில் ஏறிய ஒரு பெண், தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். கூட ஏறிய சக ஊழியரிடம் உட்காருவதற்கு முன்பே சொன்னார்:

“அண்ணே, எல்லா ஓவனையும் நான் எரிச்சிட்டேன்.”

“நைட் ஷிப்ட் இன்னும் ஆன் பண்ணவே இல்லலா. உக்காந்து சொல்லு.”

“சர்க்யூட் போர்டு காய வைக்கிற சூடு, டேட்டாபேஸ்ல கான்ஸ்டன்டா இருக்குல்ல? அத செட் பண்ற சி புரோகிராம் ஃபங்ஷன்ல முந்நூறுன்னு போட்டேன். மேனுவல்ல இருந்தது ஃபாரன்ஹீட். நம்ம ஓவன் செல்சியஸ்.”

“அலமாக், ஐயோ! போர்டெல்லாம் அப்பளம்தான்.”

“வேலை போயிரும்ணே.”

“இரு. அந்த ஃபங்ஷன் மெமரியில மட்டும்தான் மாத்தும். அப்புறம் சேவ் பண்ற வரி ஓடுச்சா?”

அவர் யோசித்தார்.

“இல்ல. டெஸ்ட்டுக்காக அந்த வரிய நிறுத்தி வச்சேன். திருப்பிப் போட மறந்துட்டேன்.”

“அப்ப பழைய நூத்தம்பதுதான் இருக்கும். ஷிப்ட் லீடருக்குப் போன் போட்டுக் கேளு.”

கேட்டார். போனை மடியில் வைத்தார்.

“ஸ்கிரீன்ல நூத்தம்பதுதானாம்.”

“இன்னிக்கு உன் மறதிக்கு ஒரு தேங்காய் உடைக்கணும்.”

வழியில் ஸ்கூடாய் வருவதற்குள் அந்தப் பெண் தூங்கிவிட்டார்.