பாதிப் பாலத்தின் அமைச்சர்

அதிகாலை இரண்டு இருபது. ஆற்றோரக் காட்டுப் பாதை. விளக்கு இல்லை, ஆள் இல்லை... பனிமூட்டம் மட்டும்.

என் நண்பர் அரியரத்தினத்தின் மருமகன் இளங்கீரன், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஓர் அரங்கேற்றத்துக்கு மிருதங்கம் வாசித்துவிட்டு பீலெஃபெல்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். கைபேசி இந்தப் பாதையைக் காட்டியது. பாதை முடியும் இடத்தில் ஒரு பாலம்... பாதிப் பாலம்.

அதைக் கட்டியது ஒரு மாநில அமைச்சு. போக்குவரத்தையும் கட்டுமானத்தையும் ஒன்றாக்கிப் பிறந்தது. பதினாறு மாதம் உயிரோடு இருந்தது. ஐந்து மாதம் பெயர்ப்பலகைக்குப் போனது. எட்டு மாதம், யாருக்கு எந்த மாடி என்ற சண்டைக்கு. மிச்சத்தில் பாலம். கூட்டணி உடைந்தது, நாளைக்கு அமைச்சைக் கலைக்கிறார்கள் என்றதும், முதல்நாள் மாலையே அமைச்சர் ஓடிவந்து நாடாவை வெட்டினார். முதல் கார் தன்னுடையதுதான் என்று ஏறினார். நடுவில் பாலம் இல்லை என்று சொல்ல ஓர் அதிகாரிக்கும் வாய் வரவில்லை. கைதட்டிவிட்டுத் தங்கள் கார்களில் அவர்களும் பின்னாலேயே போனார்கள்.

மறுநாள் ஆற்றிலிருந்து கார்களை எடுத்தார்கள். அமைச்சரையும் அதிகாரிகளையும். அமைச்சரின் வலது கை மட்டும் அகப்படவில்லை. அதைத் தேடி அவர் இன்னும் பாலத்துக்கு வருகிறாராம்.

"செத்தும் பதவி போகேல்லையோ, அண்ணை?" கதை கேட்டுக்கொண்டிருந்த தேனுஜா சிரித்தாள்.

சிரி, தேனுஜா, சிரி.

பாதைக்குக் குறுக்கே சிவப்பு நாடா. இளங்கீரன் பிரேக் அடித்தான். சேற்று மணம். வழிதவறி வந்த ஒரு லொறிச் சாரதி, நாடாவின் முனையைப் பிடித்தபடி நின்றார். பின்னால் கோட் போட்ட ஏழெட்டுப் பேர், தண்ணீர் சொட்டச் சொட்ட. முன்னால் நின்றவரின் இடது கையில் கத்தரிக்கோல்.

நறுக்.

வெட்டியது நாடாவை அல்ல. சாரதியின் மணிக்கட்டை. பச்சைத் தடி முறிவது போல ஒரு சத்தம்... அந்தக் கையை எடுத்துத் தன் மொட்டைக் கையில் பொருத்திப் பார்த்தார் அமைச்சர். அளவு சரியில்லை. ஆற்றில் எறிந்தார். அலறிய மனிதரையும் உதைத்துத் தள்ளினார். கீழே தொப்பென்று... மேலே ஈரக் கைதட்டல். சளக். சளக்.

அடுத்து இளங்கீரனைக் காரிலிருந்து இழுத்து இறக்கினார்கள். வலது கையை நீட்டிப் பிடித்தார்கள். அந்தக் கைதான் அவனுக்குச் சோறு. கத்தரி விரிந்தது. பதினெட்டு வருடம் இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்களில் ஏறி இறங்கியவன், வாயில் வந்ததை ஜெர்மனில் கத்தினான்:

"எனக்கு டெர்மின் இல்லை!"

கத்தரி நின்றது.

டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் குறிக்காமல் பல்லைக்கூடப் பிடுங்காத நாடு. செத்தவர்களும் இந்த நாட்டுக்காரர்தானே? "மன்னிக்கவும்" என்றார் அமைச்சர். ஓர் அதிகாரி முத்திரையை எடுத்து அவன் மணிக்கட்டில் குத்தினார். வெள்ளிக்கிழமை, 2.20.

வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். தோல் உரிந்தது. மை போகவில்லை.

வியாழன் இரவு அரியரத்தினம் கதவைப் பூட்டிவிட்டு அவன் பக்கத்தில் படுத்தார். "பயப்பிடாதை. உன்ரை கையை நான் விடமாட்டன்" என்று வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண் மூடவேயில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

விடிந்தது. பிடித்த கை பிடித்தபடி, முழுசாக, இளஞ்சூடாக இருந்தது.

இளங்கீரனைத்தான் காணவில்லை.